துரு போகும், பொருள் போகாது

…குடுக்க மாட்டேன்னு நான் எப்பம்மா சொன்னேன்? கத்தரிக்கோல் உங்கம்மாவோடது, குடுக்கத்தான் போறேன், நான் என்ன அதை வச்சு அடைகாக்கவா போறேன்? மொதல்ல உக்காரு. அய்யோ, அந்த ஸ்டூல்ல இல்ல, அதுல மண்ணெண்ணெய் கொட்டிக் கெடக்கு, உன் துணி பாழாயிடும். இந்தா, இந்தப் பெட்டி மேல உக்காரு. ஆடும், பயப்படாதே, விழாது. வந்து நின்ன நிமிஷமே ரெடியா ரெடியான்னா எப்படி? இது என்ன டீக்கடையா, ஆத்தி நீட்டுறதுக்கு? துரு எடுக்குற வேலைம்மா இது. இரும்புக்கிட்ட கெஞ்சணும், கொஞ்சணும். நம்ம அவசரத்துக்கெல்லாம் அது வராது.

எல்லாம் எங்க வீட்டு மனுஷனாலதான். அதைத்தான் சொல்ல வரேன். அந்த ஆளு மட்டும் தன் கையைத் தன் மடியில வச்சிட்டுச் சும்மா இருந்திருந்தா, நீ வந்த உடனே எடுத்து நீட்டியிருப்பேன், நீயும் வாயெல்லாம் பல்லாப் போயிருப்பே. அதோ பாரு, வாசப்படியில உக்காந்து பேப்பர் படிக்கிற மாதிரி ஒரு நடிப்பு. முக்கா மணி நேரமா அதே பக்கம். காதை மட்டும் இங்க கழட்டி வச்சிருக்காரு. என்னங்க, கேக்குதா? உங்களைத்தான் சொல்றேன். …பாத்தியா, அசையுறாரான்னு பாரு. இதுக்கு அந்த எடத்துல ஒரு தூணை நட்டு வச்சிருந்தா மாடியாவது தாங்கும்.

அது யாருய்யா, வாசலை அடைச்சு இவ்வளவு பெரிய வெள்ளை வண்டியை நிப்பாட்டினது? இருக்குறதே ஒரு வாசல், அதுலதான் எனக்கு வெளிச்சம் வரணும். யோவ் டிரைவர், தள்ளி நிறுத்துய்யா, இங்க மனுஷங்க வேலை பாக்க வேணாமா? …கண்ணாடியெல்லாம் எறக்கி விட்டுட்டுக் காத்து வாங்கிட்டு உக்காந்திருக்கான் பாரு, காதுல விழாமலா இருக்கும்? விழும். திமிரு. நான் டியூப்லைட்டைப் போட்டுக்கறேன். என்ன, ஏதோ சொல்ல வர்றே… இரு இரு, நான் சொல்லி முடிச்சிடறேன், அப்புறம் எனக்கு மறந்துடும்.

உனக்குத் தெரியுமா, இந்தக் கடைக்கு வர்றதுல பாதிப்பேரு துருப்புடிச்ச சாமானைக் கொண்டு வர்றதில்ல. கெடுத்த சாமானைக் கொண்டு வர்றாங்க. ரெண்டு கடை தள்ளி ஜெராக்ஸ் கடை இருக்கா, அந்த ஆளு என்ன பண்ணாரு தெரியுமா? காகிதம் வெட்டுற பெரிய கத்தி ஒண்ணு, நல்ல பழங்காலத்து இரும்பு, லேசா துரு. என்கிட்ட குடுத்திருந்தா ரெண்டு நாள்ல கண்ணாடி மாதிரி பண்ணிக் குடுத்திருப்பேன். இவரு பெரிய விஞ்ஞானி. கக்கூஸ் கழுவுற ஆசிட்டை ஒரு வாளியில ஊத்தி, கத்தியை அதுக்குள்ள போட்டு, ஷட்டரை எறக்கிப் பூட்டிட்டு கல்யாண வீட்டுக்குப் போயிட்டாரு. மூணு நாள் கழிச்சு வந்தா, கத்தி கரைஞ்சு கரண்டியாயிடுச்சு. அது போகட்டும். அந்த ஆசிட்டுப் புகை இருக்கே, அது சும்மா இருக்குமா? கடைக்குள்ள இருந்த மிஷினோட ஸ்க்ரூ, நாற்காலியோட காலு, மேசை விளக்கு, ஷட்டர் பூட்டோட உள்பக்கம், எல்லாம் செவப்பா துருப்புடிச்சுப் போச்சு. பூட்டைத் தொறக்க முடியாம ஷட்டருக்கு வெளியில நின்னுட்டு எனக்குத்தான் போன் பண்றாரு, அக்கா கொஞ்சம் வர முடியுமான்னு. வந்தேன், வந்து வயிறு வலிக்கச் சிரிச்சிட்டுத்தான் பூட்டுல எண்ணெய் விட்டேன்.

அவராவது தேவலை. பேக்கரிக்காரர் இருக்காரே, ஆளு நல்லவரு, மூளையை மட்டும் அடுப்புல வச்சிட்டாரு. இரும்புல ஒரு அச்சு, அடியில ரோஜாப்பூ மாதிரி வேலைப்பாடு. ரொட்டியைக் கவுத்தா மேல பூ வரும். உப்புத்தாளை எடுத்து வச்சு, காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தேய், தேய்னு தேச்சிருக்காரு. துரு போச்சு. பூவும் போச்சு. இப்ப ரொட்டியைக் கவுத்தா வழுக்கைத் தலை மாதிரி வருது. என்கிட்ட கொண்டாந்து, அக்கா இந்தப் பூவை மறுபடியும் வர வைக்க முடியுமாங்கறாரு. நான் என்ன, தோட்டமா போட்டு வச்சிருக்கேன்?

அதனாலதான் போர்டுலயே எழுதிப் போட்டேன். வரும்போது பாத்தியா? பாத்திருக்க மாட்டே, அந்த வெள்ளை வண்டிதான் மறைக்குதே. "துரு போகும், பொருள் போகாது." நானே யோசிச்சு எழுதினது. போர்டுக்குப் பெயிண்ட் அடிச்சவன் கூட, அக்கா பிரமாதம்னான். அது வெறும் போர்டு இல்லம்மா, வாக்கு. பதினோரு வருஷமா ஒரு சாமானை நான் கெடுத்ததில்ல. ஊரே என்னைத் துருக்கா, துருக்கான்னு கூப்பிடுது, பெத்தவங்க வச்ச பேரு எனக்கே மறந்து போச்சு. பதினோரு வருஷம்… போன புதன்கிழமை வரைக்கும்னு வச்சுக்கோயேன்.

ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. ஏதோ வாயில வந்துடுச்சு. நீ பயப்படாதே.

உன் கத்தரிக்கோல் விஷயத்துக்கே வரேன். திங்கக்கிழமை நீ துண்டுல சுத்தி எடுத்துட்டு வந்தப்ப உன் மூஞ்சியைப் பாக்கணுமே, ஏதோ கொழந்தைக்குக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்த மாதிரி. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், பதினஞ்சு நாளா நீயும் ஆஸ்பத்திரியும் வீடுமா அலைஞ்சே, வீட்டுல ஏதோ ஒரு பார்சலைப் பிரிக்க அம்மாவோட கத்தரிக்கோலை எடுத்தே, எடுத்தவ எடுத்த எடத்துல வைக்காம சமையல்கட்டு ஜன்னல்ல வச்சே, மழை ரெண்டு நாள் விடாம அடிச்சு நனைச்சு… இதையெல்லாம் நீ சொன்னப்ப எனக்குப் பாவமா இருந்துச்சும்மா, நெஜமா. உங்கம்மா வந்து பாத்தா தோலை உரிச்சுடுவாங்கன்னு நீ அழுதே பாரு, எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. பொண்ணா பொறந்தவ ஜன்னல்ல கத்தரிக்கோலை வைக்கலாமா, அதுவும் மழைக்காலத்துல… என்ன, எதுக்கு உதட்டுல வெரலை வைக்கிறே? பல்லு வலியா?

பல்லு வலின்னா சும்மா விடாதே. மேலத்தெருவுல ஒரு பல் டாக்டர் இருக்காரு, நல்ல கைராசி. அவரோட நாற்காலியை ஏத்தி எறக்குற பல்சக்கரம் துருப்புடிச்சுச் சிக்கி, ஒரு ஆளு அண்ணாந்த வாக்குல வாயைப் பொளந்துட்டு ஒண்ணரை மணி நேரம் கெடந்தான். நான் போய்த்தான் எறக்கினேன். மண்ணெண்ணெய் விட்டு, காத்திருந்து, மறுபடியும் விட்டு… அவசரப்பட்டுச் சுத்தியலால தட்டியிருந்தா சக்கரத்தோட பல்லும் போயிருக்கும், அந்த ஆளோட பல்லும் போயிருக்கும். என் பேரைச் சொல்லு, பாத்து அனுப்புவாரு. …பல்லு வலி இல்லையா? அப்புறம் எதுக்கு வெரலு? சரி, வெரலை எடு, பாக்க நல்லால்ல.

எடது கைக் கத்தரிக்கோல்மா அது. நீ சொல்லவே இல்லையே. நான் கையில மாட்டி ஒரு பழைய துணியை வெட்டிப் பாக்குறேன், வெட்டவே மாட்டேங்குது, துணி மடங்கி மடங்கி நடுவுல போய் மாட்டுது. சரி, மொக்கை போலன்னு நெனச்சேன். இந்த மனுஷன்தான் என் கையிலேர்ந்து வாங்கி, எடது கையில மாத்தி, ஒரே வெட்டு. துணி ரெண்டா விழுந்துச்சு. "எடது கை"ன்னாரு. ரெண்டே வார்த்தை. அன்னிக்குக் கோட்டா அதோட முடிஞ்சுது அவருக்கு. என் வாழ்நாள்ல இந்த மாதிரி மூணுதான் பாத்திருக்கேன். எந்தக் கடையிலயும் கெடைக்காது. கெடைச்சாலும் உங்கம்மா பெருவெரல் பட்டுப் பட்டு அந்தக் கைப்புடியில ஒரு குழி விழுந்திருக்கே, அது எங்க கெடைக்கும்? முப்பது வருஷமா தையல் வேலை பாத்த வெரலு. அதைப் பாத்தப்பவே முடிவு பண்ணிட்டேன், இதுல உப்புத்தாள் வைக்கக் கூடாது, ஆசிட்டு காட்டக் கூடாது, மிஷின் சக்கரத்துக்கிட்ட கொண்டே போகக் கூடாதுன்னு. சக்கரத்துல வச்சா சூடேறி இரும்போட உறுதியே போயிடும், அப்புறம் வெண்ணெய்கூட வெட்டாது.

அதனால நான் என்ன பண்ணேன்… கேளு, இது நல்ல வழி, வீட்டுலயே பண்ணலாம்னு சொல்வாங்க, ஆனா பண்ணாதே. மொதல்ல நடுவுல இருக்கே ஸ்க்ரூ, கத்தரிக்கோல் அசைஞ்சாலும் அது மட்டும் துருவுல ஒட்டிப் போய்க் கழட்ட வரலை. திங்கக்கிழமை பூரா மண்ணெண்ணெயில ஊறப் போட்டேன். செவ்வாக்கிழமை சொன்ன பேச்சைக் கேட்டுக் கழண்டு வந்துச்சு. இப்ப கத்தரிக்கோல் ரெண்டு பாதி. அதோ அந்த நீலத் தொட்டி தெரியுதா, அதுல தண்ணி, தண்ணியில வாஷிங் சோடா. பக்கத்துல பேட்டரி சார்ஜர். தொட்டியோட ஒரு பக்கம் உதவாத பழைய இரும்புத் தகடு ஒண்ணைத் தொங்க விடணும். இந்தப் பக்கம் உன் பொருள். தகடுக்குப் பிளஸ்ஸு, பொருளுக்கு மைனஸ்ஸு. கரண்ட் போச்சுன்னா பொருள் மேல பொடிப்பொடியா நொரை வரும், துரு தானா விட்டுடும். நல்ல இரும்பு ஒரு தூசி போகாது. துருவெல்லாம் அந்தத் தகடு மேல போய்ச் சேரும். பாவம், அதுதான் தியாகி. தொட்டாலே உதிர்ந்துடும் கடைசியில.

புதன்கிழமை மொத பாதி போட்டாச்சு. இந்தா, கையில வாங்கிப் பாரு. எப்படி இருக்கு? சாம்பக் கலர்ல, வழுவழுன்னு, ஒரு புள்ளி துரு இல்ல. கைப்புடிக் குழி அப்படியே இருக்கா? வெட்டுற பக்கத்தை வெரலால தொடாதே, கிழிச்சுடும். தொட்டியிலேர்ந்து எடுத்து ஹேர் டிரையர்ல காய வச்சு, எண்ணெய் தடவி… பாத்தியா, சிரிக்கிறே. இப்ப சிரிச்சுக்கோ.

இன்னொரு பாதியா? வரும், வரும். நாளைக்குத்தானே உங்கம்மா வர்றாங்க? சனிக்கிழமைன்னு நீதானே சொன்னே. இன்னிக்கு வெள்ளி. எதுக்கு இப்படித் தலையை ஆட்டுறே, அப்படியும் இல்லாம இப்படியும் இல்லாம… இரு, இந்தப் பாதியை ஒரு தடவை தொடச்சுக் குடுக்கறேன், எண்ணெய் வழியுது. அந்தக் காகிதத்தை எடு. அதுதான், உன் காலுக்கிட்ட, எண்ணெய்க் காகிதம்… இல்ல, வேணாம். அதை அங்கயே போடு. துணியில தொடச்சுக்கறேன்.

பேசாம இருக்குற புருஷனைக் கட்டக் கூடாதும்மா. உனக்குக் கல்யாணம் ஆகலையே? ஆகறதுக்கு முன்னாடி கேட்டுக்கோ, ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தைன்னு. இவரு முப்பத்திரெண்டு வருஷம் லிஃப்ட்டு ஓட்டினாரு. மேல, கீழ, மேல, கீழ. உள்ள ஏறுறவங்க மாடி நம்பரைச் சொல்வாங்க, இவரு பட்டனை அமுக்குவாரு. பேச்சுக்கு அவசியமே இல்லாத உத்தியோகம். அந்தப் பழக்கத்துலயே வீட்டுக்கு வந்து சேந்துட்டாரு. நான் பாட்டுக்குப் பேசுவேன், இவரு பாட்டுக்கு ஏதோ ஒரு பட்டனை மனசுக்குள்ள அமுக்கிட்டு அடுத்த மாடிக்குப் போயிடுவாரு. ரிட்டையர் ஆன அப்புறம் கடையில வந்து உக்காருங்கன்னேன், தொணையா இருக்கும்னு. தொணையாம் தொணை. கைவேலை எல்லாம் நல்லாத்தான் செய்வாரு, அதைக் கொறை சொல்ல மாட்டேன். ஆனா என் சாமானைத் தொடுவாரு. அதான் வெனை.

ஹாரனைப் பாரு, ஹாரனை. யோவ், என்னய்யா அவசரம், நடுவாசல்ல நிப்பாட்டினதும் இல்லாம ஊதல் வேறயா? …உக்காரும்மா நீ, எதுக்கு எந்திரிக்கறே, நான் பாத்துக்கறேன் அந்த ஆளை.

சார்ஜர்ல ரெண்டு ஒயரு. செவப்பு ஒயரு பிளஸ்ஸு, கறுப்பு ஒயரு மைனஸ்ஸு. ரெண்டு மொனையிலயும் ரெண்டு கிளிப்பு, அதுவும் செவப்பு ஒண்ணு, கறுப்பு ஒண்ணு. இந்தக் கறுப்புக் கிளிப்பு இருக்கே, அதோட ஸ்பிரிங்கு சவசவன்னு போயிடுச்சு. பொருளைக் கவ்வவே கவ்வாது. நான் மாட்டி விட்டுட்டு இந்தப் பக்கம் திரும்புவேன், பொளக்னு தொட்டிக்குள்ள விழும். செவப்புக் கிளிப்பு நல்ல உடும்புப்புடி. நான் என்ன பண்ணேன், நாலு மாசத்துக்கு முன்னாடி, ரெண்டையும் கழட்டி மாத்திப் போட்டுட்டேன். செவப்புக் கிளிப்பை எடுத்துக் கறுப்பு ஒயர்ல. கறுப்பை எடுத்துச் செவப்பு ஒயர்ல. தகடு தானே, அதை எந்தக் கிளிப்பு கவ்வினா என்ன, அது பாட்டுக்குத் தொங்கும். அன்னிலேர்ந்து இந்தக் கடையில சட்டம் ஒண்ணுதான். செவப்பு, பொருளுக்கு. கண்ணை மூடிட்டு மாட்டுவேன். இவரு அப்பவே மொனகினாரு, வேற யாராவது தொட்டா என்ன ஆகும்னு. வேற யாரு தொடப்போறா, என் கடையில என் தொட்டியைன்னு நான் வாயை அடைச்சுட்டேன்.

ஆனா அந்த ஆளுக்குப் பொறுக்கலை. லிஃப்ட்டு ஓட்டினவருக்கு மேல்னா மேல, கீழ்னா கீழ. செவப்புன்னா பிளஸ்ஸா இருக்கணும். செவ்வாக்கிழமை சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய், நல்ல புதுக் கிளிப்பா ஒண்ணு, கறுப்புல, வாங்கிட்டு வந்து… மாத்திட்டாரும்மா. எல்லாத்தையும் ஒழுங்கா மாத்திட்டாரு. செவப்பு செவப்புல, கறுப்பு கறுப்புல. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம.

சொல்லாம… சரி, அதுக்கு அப்புறம் வரேன்.

புதன்கிழமை மொத பாதியை அவருதான் மாட்டினாரு. நான் அப்ப ஒரு சைக்கிள் கடைக்காரன் கூட சண்டையில இருந்தேன். அதான் அது இவ்வளவு அழகா வந்திருக்கு. ரெண்டாவது பாதியை நேத்து, வியாழக்கிழமை, காலையில நானேதான்… கண்ணை மூடிட்டு… செவப்பை எடுத்து உங்கம்மாவோட கத்தரிக்கோல்ல மாட்டினேன்.

மாட்டிட்டுப் பக்கத்துல உக்காந்திருந்தாக்கூட ஒரு மணி நேரத்துல பாத்திருப்பேன். நொரை தப்பான பக்கத்துலேர்ந்து வந்திருக்கும், தெரிஞ்சிருக்கும். நான் எங்க உக்காந்தேன்? இவரோட தங்கச்சி, என் நாத்தனாரு, என் மேசை ஃபேனை எரவலா வாங்கிட்டுப் போய் ஏழு மாசம் ஆச்சு. நேத்து போன்ல சொல்றா, எந்த ஃபேனு அண்ணின்னு. எந்த ஃபேனா? விட்டேனா? கெளம்பிட்டேன். இவரு அந்த நேரத்துக்கு லைப்ரரிக்குப் போயிருந்தாரு. ரெண்டு பஸ் மாறி நாத்தனாரு வீட்டுக்குப் போய், அவ மாமியாரு முன்னாடியே நாலு வார்த்தை கேட்டு, ஃபேனைத் தூக்கிட்டு, மானஸ்தி மாதிரி பஸ்ஸுல மடியில வச்சிட்டு வரேன், சாயங்காலம் அஞ்சு மணி. ஃபேனோட கம்பி வலையெல்லாம் துரு வேற. அதைத் திட்டிட்டே உள்ள நுழையறேன்… தொட்டித் தண்ணி கறுங்காப்பி மாதிரி இருக்கு.

கையை விட்டேன். மொதல்ல தகடுதான் வந்துச்சு. அது உதவாத தகடும்மா, எங்கயோ குப்பையில கெடந்து பொறுக்கினது. கல்யாணப்பொண்ணு மாதிரி பளபளன்னு நிக்குது. ஒரு துரு இல்ல, ஒரு கறை இல்ல. தகடு பொண்ணு மாதிரி இருக்குன்னா, அப்ப பொருள்…

சரி. எடுத்துக் காட்டிடறேன். அழக்கூடாது. நீ அழுதா நானும் அழுவேன், நான் அழுதா பக்கத்துல டயர் கடைக்காரன் ஏதோ கொலைன்னு ஓடி வந்துடுவான். என்னங்க, அந்த டப்பாவை எடுங்க. மேல் தட்டுல, சாக்குத் துணிக்குப் பின்னாடி… ஒளிச்சுத்தான் வச்சிருக்கேன், எடுங்க.

இந்தா.

…ஆமா. அதுதான். இல்லம்மா, மாறிப் போகல, வேற யாரோடதும் இல்ல. கைப்புடி தண்ணிக்கு மேல இருந்துச்சு, தப்பிச்சுது. குழி இருக்கு பாரு. ஆனா கீழ… எலி கொறிச்ச ரொட்டி மாதிரி இருக்கு, எனக்குத் தெரியும், நீ சொல்ல வேணாம். நேத்து சாயங்காலத்துலேர்ந்து அதைத்தான் பாத்துட்டு இருக்கேன். வெட்டுற பக்கமே இல்ல. எட்டு மணி நேரம் உங்கம்மாவோட கத்தரிக்கோல் கரைஞ்சு, ஒரு குப்பைத் தகட்டைக் குளிப்பாட்டியிருக்கு. ஜெராக்ஸ்காரரைப் பாத்து வயிறு வலிக்கச் சிரிச்சேன்னேனே. எனக்கு நல்லா வேணும்.

அவருதான் மாத்தினாரு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…

எதுக்கு அவரை அப்படிப் பாக்குறே? அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. இப்பக்கூடச் சொல்ல மாட்டாரு பாரு. பேப்பரை மடிச்சு வச்சுட்டாரு, அவ்வளவுதான். மடிச்சு வச்சாருன்னா ரொம்ப வருத்தம்னு அர்த்தம்.

சரிம்மா. சரி. அந்தக் காகிதத்தை எடு. உன் காலுக்கிட்ட கெடக்கே, எடுக்க வேணாம்னேனே, அதேதான். பிரிச்சுப் படி. எண்ணெய் பட்டிருந்தாலும் எழுத்து தெரியும், அவரு எழுத்து முத்து முத்தா இருக்கும். நானே சொல்றேன், எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. "கிளிப்பு மாத்திவிட்டேன். இனி சிவப்பைப் பொருளில் மாட்டாதே." சார்ஜர் மேலயே ஒட்டி வச்சிருக்காரு, என் கண்ணு முன்னாடி. நான் நேத்து காலையில போன்ல நாத்தனாரைக் கிழிச்சிட்டே, கையில எண்ணெய் இருக்கேன்னு, இந்தக் காகிதத்தைப் பிச்சு, கையைத் தொடச்சு, கீழ போட்டு, அதே கையால செவப்பை எடுத்து மாட்டியிருக்கேன்.

அதுக்கு முன்னாடியும் சொல்லியிருக்காரு. செவ்வாக்கிழமை மாத்தின உடனே வந்து சொன்னாராம், நான் பேசிட்டு இருந்தேனாம். புதன்கிழமை சாப்பிடும்போது சொன்னாராம், அப்பவும் நான்தான் பேசிட்டு இருந்தேனாம். வருஷத்துக்கு ஒரு தடவை வாயைத் தொறக்குற மனுஷன், ஒரே விஷயத்தை மூணு தடவை சொல்லியிருக்காரும்மா. மூணாவது தடவை எழுதியே குடுத்திருக்காரு. அதுல நான் கையைத் தொடச்சிருக்கேன்.

எனக்கு வெக்கமா இருக்கும்மா. காலையிலேர்ந்து நெனச்சிட்டு இருக்கேன், நீ வந்தா என்ன சொல்றதுன்னு. கரண்ட்டு மேல பழி போடலாமா, சோடா மேல போடலாமான்னு யோசிச்சேன். கடைசியில கைக்கெட்டுற தூரத்துல இவரு உக்காந்திருந்தாரு. இவரு மேலயே போட்டுட்டேன். இவருக்கும் பழக்கம்தானே… இல்ல, அது சரியில்ல. இவரு மேல தப்பே இல்ல. அந்தப் போர்டை எறக்கிடப் போறேன். பொருள் போயிடுச்சு. இன்னும் போகாதுன்னு எழுதி வச்சுக்க எனக்கு மூஞ்சி இல்ல.

நீ ஏம்மா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறே? திட்டிடு. நாலு வார்த்தை திட்டிட்டின்னா எனக்குக் கொஞ்சம் தேவலையா இருக்கும். வந்ததுலேர்ந்து ஏதோ சொல்ல வாயைத் தொறக்குறே, மூடுறே… நான் எங்க விட்டேன். சரி, நான் பேசல. சொல்லு.

…என்ன?

இன்னிக்கே டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்களா? ஒரு நாள் முன்னாடியேவா? எங்க இருக்காங்க இப்ப?

எந்த வண்டியில?

அந்த… வெள்ளை வண்டியிலயா?

அய்யய்யோ. எவ்வளவு நேரமா? நீ வந்ததுலேர்ந்தா? வீட்டுக்குப் போற வழியில ரெண்டு நிமிஷம்னு சொல்லிட்டா உள்ள வந்தே? கண்ணாடியெல்லாம் எறக்கி விட்டிருக்கே, நான் வேற தொண்டை கிழிய… ஜன்னலு… மழையில நனைய விட்டது… தோலை உரிச்சுடுவாங்கன்னு நீ அழுதது… எல்லாத்தையும் நானே தண்டோரா போட்டிருக்கேனா? அதுக்குத்தான் உதட்டுல வெரலை வச்சியா? நான் பல் டாக்டரைச் சொன்னேனே. டிரைவரை வேற யோவ்னு… ஹாரன் அடிச்சது உங்கம்மா சொல்லித்தானா?

என்னங்க. என்னங்க, எந்திரிங்க. அந்த ரெண்டு பாதியையும் துணியில சுத்திக் குடுங்க… இல்ல, சுத்த வேணாம். சும்மாவே குடுங்க. மறைச்சுக் கொண்டு போய் என்ன பண்றது, எல்லாத்தையும் காதால கேட்டுட்டாங்க. செருப்பு எங்க, அந்தச் செருப்பைத் தள்ளுங்க இப்படி. நீ முன்னாடி போம்மா. இல்ல, நீ எனக்குப் பின்னாடி வா, மொதல்ல எனக்கு விழட்டும். நீங்களும் வாங்க. வந்து என் பக்கத்துல நில்லுங்க. நான் மறுபடியும் ஏதாவது ஆரம்பிச்சேன்னா காலை மிதிங்க. நல்லா அழுத்தி மிதிங்க.

அம்மா… வணக்கம்மா. இப்ப கண்ணு பரவால்லையா? வெளிச்சம் கூசுதா? எங்க சித்தப்பாவுக்கும் இதே ஆபரேஷன்தான், அவரு என்ன பண்ணாருன்னா…

ஆவ்.

…இதோம்மா. இது நல்லா வந்த பாதி. இது நான் கெடுத்தது. எடது கையை நீட்டுங்க, கைப்புடி பக்கமா வைக்கறேன். …ம். அந்தக் குழிதான்.

சொல்லுங்கம்மா. நான் கேக்குறேன்.